குளிசை என்று சொல்லாத வீடு

நெளுக்குளம்
11.02.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

யது எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையுமில்லை. சாப்பாடு விடுதிச் சாப்பாடுதான். அதைக் குறையென்று எழுதினால் நீங்கள் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவீர்கள். உங்கள் முழங்கால் எப்படி? அப்பாவின் முதுகு எப்படி?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். அந்தப் போன் அப்பாவின் தலைமாட்டில்தானே கிடக்கிறது. அவர் அதைக் காதில் வைப்பதேயில்லை. சத்தமாகப் போட்டுவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் ஞானேஸ்வரி அக்காவுக்கும் கேட்கும்படி கதைப்பார். நான் சொல்ல வந்தது அவர் காதில் விழக் கூடாதது.

இங்கே புதுப் பயிற்சி ஒன்று தொடங்கியிருக்கிறது. புற்றுநோய்க்காரரின் நோவைக் குறைப்பது எப்படி என்பதுதான் பாடம். புதினம் என்னவென்றால் தாதிமாருக்குத் தனி வகுப்பு இல்லை. டொக்டருக்குப் படிக்கிறவர்கள், மருந்தாளருக்குப் படிக்கிறவர்கள், உடற்பயிற்சி வைத்தியம் படிக்கிறவர்கள், நாங்கள் என்று எல்லோரையும் ஒரே மேசையில் இருத்திவிட்டார்கள். படிப்பிக்கிறவர் தயாபரன் டொக்டர். "நோவிலை கிடக்கிற ஆளுக்கு நாலு பேரும் நாலு கதை சொன்னால் அந்தாள் ஆரை நம்புறது? ஒரு மேசையிலை இருந்து ஒரு கதையாய் முடிவெடுங்கோ" என்றார். முதல் நாள் டொக்டர் பிள்ளைகள் பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் பழக்கதோஷத்தில் அவர்களைக் கண்டதும் எழும்பி நின்றோம்.

ஒவ்வொரு குழுவும் தனக்குத் தெரிந்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். "வட்டக்கச்சியிலை வயல் செய்யிற ஒரு கமக்காரர், புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருக்கு, தை மாசத்திலையிருந்து மோர்பின் குளிசை போடுறார்" என்று மட்டும். என்னுடைய அப்பா என்று சொல்லவில்லை. ஏனென்று கேட்காதீர்கள்.

நோ எவ்வளவு என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். நோவே இல்லையென்றால் பூச்சியம், தாங்க முடியாதென்றால் பத்து. குளிசையை நேரத்துக்குக் கொடுக்கிறீர்கள்தானே?

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்
யதுர்ஷிகா


வட்டக்கச்சி
26.02.2024

செல்ல மகள் யதுவுக்கு,

அம்மா. முருகன் புண்ணியத்தில் நாங்கள் சுகம். என் முழங்கால் என்னோடு கோபம், மற்றப்படி ஒன்றுமில்லை. உன் தலைமயிர் கொட்டுகிறதென்றாயே, நிண்டுதா?

வெட்டு மெசின் வந்து காலபோக நெல்லு வெட்டியாயிற்று. அப்பா கதிரையைப் படலையடியில் போடச் சொல்லி, அதில் இருந்தபடி மெசின்காரனை ஏசிக்கொண்டிருந்தார். கதிர் சிந்துதாம், வரம்பை உடைக்கிறானாம். அவருக்கு எழும்பி நடக்க ஏலாத கோபம், பாவம் மெசின்காரன் வாங்கிக் கட்டினான்.

நீ சொன்னபடி பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். "இந்த வயசிலை நான் சோதனை எழுதுறனோ?" என்று என்னிலே பாய்ந்தார். பிறகு, நான் குசினிக்குத் திரும்பிப் போகும்போது, முதுகுக்குப் பின்னால் மெல்லச் சொன்னார்: "எட்டுப் போடு." எட்டென்று சொல்லும்போது கதிரைக் கை கிறீச்சிட்டது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பிள்ளை. பார்த்தால் அவருக்கு மானக்கேடு.

குளிசை எல்லாம் கொடுக்கிறேன். அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம்.

வீட்டில் "எல்லோரையும்" என்று எழுதியிருக்கிறாய். அண்ணா என்று எழுத உன் பேனையில் மை இல்லையோ? அவன் வந்து மூன்று மாதமாகிறது. புனர்வாழ்வு முடித்து வந்தவன் என்று சொல்லவும் வழியில்லை. இந்த ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் சனம் இயக்கத்தில் இருந்தவன் என்று நினைக்கும். விளக்கிச் சொன்னால் அதைவிட மோசமாக நினைக்கும். வெட்டுக்கு அவன்தான் நின்றான், மூட்டையும் அவன்தான் தூக்கினான். ஒருக்கா அவனுக்கும் இரண்டு வரி எழுதன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா
கமலாசனி


நெளுக்குளம்
12.03.2024

அன்பின் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. தலைமயிர் கொட்டுவது நின்றுவிட்டது. முழங்காலுக்கு எண்ணெய் பூசுவதை நிறுத்தாதீர்கள்.

அப்பா எட்டு என்று சொன்னதை மேசையில் சொன்னேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இவ்வளவு மோர்பின் போட்டும் எட்டா? டொக்டருக்குப் படிக்கிற பெடியன் ஒருவன் அளவைக் கூட்ட வேண்டும் என்றான். மருந்தாளராகப் படிக்கிற தர்ஷன் கொஞ்சம் பொறுக்கச் சொன்னான். அவன் எதற்கும் பொறுக்கச் சொல்கிற ஆள், தேத்தண்ணிக்குச் சீனி போடுவதென்றாலும் யோசிப்பான். ஒரு கேள்வித்தாளை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தான். நித்திரை வருகிறதா, வாந்தி இருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா என்று. அதையும் கேட்டு எழுதுங்கள். மோர்பின் போட்டால் வயிறு கட்டாயம் இறுகுமாம்.

அந்தத் தாளில் இன்னொரு கேள்வியும் இருந்தது. வீட்டில் யாருக்காவது போதைப் பழக்கம் உண்டா என்று.

"இல்லை" என்று சொன்னேன்.

உடனேயே சொன்னேன் அம்மா. யோசிக்கக்கூட இல்லை. என் பக்கத்தில் சிவரூபி இருந்தாள், என் அறைத் தோழி, நெடுங்கேணிப் பக்கம் வீடு. அவளுக்கு முன்னால் வேறென்ன சொல்வது? நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

முடிவாக, அளவு போதாது என்று எழுதினோம். அடுத்த கிளினிக்கில் நோ எட்டு என்றே சொல்லுங்கள். கூட்டித் தருவார்கள். அப்பா வெட்கப்பட்டு மூன்று நான்கு என்று சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

யது


வட்டக்கச்சி
04.04.2024

அன்பு மகளுக்கு,

பதில் பிந்திவிட்டது, கோபிக்காதே. சுகமாகத்தான் இருக்கிறோம். உனக்குத் தடிமன் என்று அண்ணா சொன்னான். மல்லி அவித்துக் குடி.

கிளினிக்குக்குப் போனோம். எட்டு என்று நான்தான் சொன்னேன், அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டித் தந்தார்கள், பெட்டியும் பெரிதாகிவிட்டது. வயிற்றைப் பற்றிக் கேட்டிருந்தாய். வாந்தியுமில்லை, பகலில் தூங்கி வழிவதுமில்லை. வயிற்றுக்கு என்ன குறை? விடிய எழும்பினால் ஒழுங்காகப் போகிறார். அந்த விஷயத்தில் அவர் ராசா.

நீ மேசையில் சொன்ன பதிலைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை.

இனிச் சந்தோஷமான கதை. உனக்கென்று மா வறுத்து, எள்ளுப்பாகும் பிடித்து அண்ணாவிடம் கொடுத்துவிட்டேன். போகமாட்டேன் என்று நின்றவன். "அவளுக்கு அங்கை கரைச்சல், அம்மா" என்றான். நான்தான் ஏசி அனுப்பினேன். பின்னேரம் வந்தவனின் முகத்தைப் பார்க்க வேண்டும் நீ! உன்னைக் கண்டானாம். நீ வெளியே வந்து, சந்திக் கடையில் அவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாயாம். இரண்டு பேரும் இருந்து கன நேரம் கதைத்தீர்களாம். உனக்குத் தடிமன், மூக்கு அடைத்துக் கதைத்தாய் என்று அதையும் சொன்னான்.

அப்பா கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "வடையும் வாங்கிக் குடுத்தவளோ?" என்றார். "ஓம், ஒண்டு" என்றான் அண்ணா. அப்பா சிரித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு சிரித்தார் தெரியுமா? எனக்கு மனம் நிறைந்துவிட்டது, யது. எந்தக் குளிசையாலும் வராத சுகம் வந்தது எனக்கு.

வருஷப்பிறப்புக்கு வருவாய்தானே?

அம்மா


நெளுக்குளம்
19.04.2024

அம்மாவுக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். வருஷத்துக்கு வர முடியவில்லை. வாட்டு வேலை என்று போனில் சொன்னது பாதி உண்மை.

அண்ணா சொன்ன தேத்தண்ணியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போது எழுத வரவில்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும், உண்மையைச் சொல்லுங்கள். அப்பாவின் வயிறு ஒழுங்காகப் போகிறது என்று எழுதினீர்களே, அதைக் கெட்டிக்காரத்தனமாக மேசையில் சொன்னேன். தர்ஷன் பேனையை வைத்துவிட்டான். "அப்ப அந்தாள் மருந்து போடேல்லை" என்றான். டொக்டர் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு நாங்கள் தாதிப் பிள்ளைகளும் அதையே சொன்னோம். இந்த அளவு மோர்பினுக்கு வயிறும் இறுகவில்லை, தூக்க மயக்கமும் இல்லை, நோவும் குறையவில்லை என்றால் மருந்து வாய்க்குப் போகவில்லை. வேறு காரணமே கிடையாது.

அம்மா, குளிசை எங்கே போகிறது?

எண்ணிப் பார்த்தீர்களா? அலுமாரிப் பூட்டின் திறப்பு யாருடைய கையில் இருக்கிறது? யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கு விளங்கும். மூட்டை தூக்கினால் திருந்திவிட்டான் என்று அர்த்தமில்லை.

உடனே பதில் போடுங்கள்.

யதுர்ஷிகா


வட்டக்கச்சி
03.05.2024

தங்கச்சி யதுவுக்கு,

உன் தடிமன் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கடிதம் என்று அம்மா சொல்வா. நான் அப்படி எழுதவில்லை, கோபிக்காதே.

உன் கடிதத்தை அம்மா குசினிக்குள் வைத்து வாசித்துவிட்டு அரிசிப் பானைக்குள் வைத்தா. பிறகு நாள் முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை. அரிசி எடுக்கப் போன இடத்தில் நான் வாசித்தேன். மற்றவர் கடிதத்தை வாசித்தது பிழைதான்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இது. குளிசை ஒன்றும் எங்கும் போகவில்லை. தையிலிருந்து தந்ததில் ஒன்றேயொன்றைத் தவிர அத்தனையும் அலுமாரிக்குள் அப்படியே இருக்கிறது. பூட்டச் சொன்னது நான். திறப்பை இடுப்பில் முடிந்துகொள்ளச் சொன்னதும் நான். "எனக்கு என்னிலை நம்பிக்கை இல்லை, அம்மா" என்று குளிசை வீட்டுக்கு வந்த நாளே சொன்னேன். இன்றுவரை அந்த அலுமாரிப் பக்கம் நான் முகம் கொடுத்துப் படுத்ததில்லை.

அப்பா முதல் நாள் ஒன்று போட்டார். அந்த நேரம் பார்த்து ஞானேஸ்வரி அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்து, "என்ன குளிசை, அண்ணை?" என்று கேட்டா. அவ்வளவுதான். உனக்குத் தெரியும், நான் போதைக்குப் போட்டதும் குளிசைதான், சந்தியில் எங்கள் வீட்டுக்குப் பெயரே குளிசைக்காரன் வீடுதான். காய்ச்சலுக்குக்கூட இங்கே ஒருவரும் இப்போது குளிசை என்று சொல்வதில்லை, மருந்து என்கிறோம். அக்கா போன பிறகு அப்பா எனக்குக் கேட்காது என்று நினைத்து அம்மாவிடம் சொன்னார்: "குளிசை போடாதை எண்டு அவனைப் பூவரசந்தடியாலை அடிச்ச கை இது. இந்தக் கையாலை அவனுக்கு முன்னாலை குளிசை எடுத்து நான் வாயிலை போடுறதோ?" அதற்குப் பிறகு போடவில்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தா, அழுதும் பார்த்தா. இரவில் தலையணையைக் கடிக்கிறார். நான் நித்திரை மாதிரிக் கிடக்கிறேன்.

நான் இல்லாவிட்டால் போடுவார். அதனால் நெடுங்கேணிக்குப் போகிறேன், மாமாவின் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமாம்.

மா கொண்டு வந்த அன்று உன் விடுதி வாசல் கேற்றடியில் நடந்ததைப் பற்றி யோசிக்காதே. உன் தோழி நல்ல பிள்ளை. "உங்கட பக்கத்து வீட்டு யதுர்ஷிகா வாட்டிலை நிக்கிறா, அண்ணா" என்றா. மேல் யன்னலில் உன் பச்சைச் சட்டையைக் கண்டேன், நீ தும்மியதும் கேட்டது. "ஓம் தங்கச்சி, பக்கத்து வீடுதான், இதைக் குடுத்துவிடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெறும் வாயோடு வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பா, அதனால்தான் தேத்தண்ணிக் கதை. வடை அப்பாவுக்காகச் சொன்னது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
பக்கத்து வீட்டுச் சுஜிதன்


நெளுக்குளம்
08.05.2024

அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமா என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன். சுகமா அண்ணா?

காலையில் போனில் சத்தம் போட்டுச் சொன்னதையே முதலில் திரும்ப எழுதுகிறேன், அம்மா பதட்டத்தில் மறந்துவிடுவா. பெட்டியில் எழுதியிருக்கிற அளவை அப்பாவுக்குக் கொடுக்கவே கூடாது. அது மாதக் கணக்காகக் குளிசை போட்டுப் பழகிய உடம்புக்குக் கூட்டிய அளவு. அப்பாவின் உடம்பு புதிது. நீங்கள் நெடுங்கேணிக்குப் போய், அப்பா மனம் மாறி, அந்த அளவைப் போட்டிருந்தால் மூச்சு நின்றிருக்கும். அந்த அளவைக் கூட்டச் சொன்னது நான், அண்ணா. எட்டென்று சொல்லுங்கள், கூட்டித் தருவார்கள் என்று அம்மாவுக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான்.

மற்றது போனில் சொல்ல முடியாதது. அன்றைக்கு உங்களை மேலே நின்று பார்த்தேன். சாறத்தோடு வராமல் நீளக் கழுசான் போட்டு, தலை இழுத்து வந்திருந்தீர்கள். சிவரூபி "ஆரடி?" என்று கேட்டாள். வாயில் வந்தது "பக்கத்து வீட்டுப் பெடியன்." எள்ளுப்பாகை எல்லோரும் தின்றார்கள், நான் தொடவில்லை. அம்மாவின் கடிதத்தில் தேத்தண்ணிக் கதையை வாசித்தபோது எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. அப்படி இருந்தும் அடுத்த கடிதத்தில் திறப்பு யாரிடம் என்று கேட்டேனே, நான் எப்படிப்பட்ட ஆள்? இரண்டு தரம் உங்களை இல்லையென்று சொன்னேன், ஒரு தரம் கள்ளன் என்றேன். நீங்களோ எனக்காக, நான் வடை வாங்கித் தந்ததாகப் பொய் சொன்னீர்கள்.

நேற்று மேசையில் எழும்பி நின்றேன். "நான் சொன்ன கமக்காரர் என்ரை அப்பா. வீட்டிலை போதைப் பழக்கம் இருந்த ஆள் இருக்கிறார். என்ரை அண்ணா" என்றேன். என் காது சுட்டது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன், பூவரசந்தடி வரைக்கும். தயாபரன் டொக்டர் என்னை ஏசவில்லை. "அந்தக் கேள்வி ஆளைப் பிடிக்கக் கேக்கிறதில்லை, பிள்ளை. மருந்தை எங்கை வைக்கிறது, ஆர் குடுக்கிறது எண்டு முடிவெடுக்கக் கேக்கிறது" என்றார். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "இல்லை" என்ற ஒரு சொல்லால் அப்பா இன்னும் இரண்டு மாதம் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

சிவரூபி அறைக்கு வந்து, "அப்ப அண்டைக்குக் கேற்றிலை நிண்டது?" என்று மட்டும் கேட்டாள். தலையை ஆட்டினேன். என்னோடு இன்னும் கதைக்கவில்லை.

குழு வீட்டுக்கு வரும். அப்பாவின் கிளினிக்கோடும் டொக்டர் கதைத்துவிட்டார். என்னை வரவேண்டாம் என்றார். "நீ நிண்டால் அப்பா உனக்காக மூண்டு எண்டு சொல்லுவார்" என்றார். அதுவரைக்கும் நெடுங்கேணிக்குப் போகாதீர்கள். காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தங்கச்சி
யது


வட்டக்கச்சி
16.06.2024

என் பிள்ளை யதுவுக்கு,

இந்த முறை உண்மையாகவே சுகம். முன்னம் எழுதியதெல்லாம் கடிதச் சுகம். மருந்து கொடுக்கிறேன் என்று உனக்கு எழுதினேனே, கை கூசிக்கொண்டுதான் எழுதினேன். நீ அங்கே படித்துக்கொண்டிருக்கிறாய், இங்கே உன் அப்பா மருந்து குடிக்காததை எந்த முகத்தோடு எழுதுவது? தாதிக்குப் படிக்கிற பிள்ளையின் தாய் நான்.

உன் ஆட்கள் வந்தார்கள். ஒரு வான் நிறைய வந்து இறங்கினார்கள். எனக்கு அந்தரமாகிவிட்டது, கதிரை காணாது. ஞானேஸ்வரி இரண்டு கதிரை தந்தாள், தந்த கையோடு வேலியில் நின்று பார்த்தாள்.

டொக்டர் அப்பாவின் கட்டிலில் இருந்தார், கதிரையில் இல்லை. உடற்பயிற்சிப் பிள்ளை, முதுகு நோகாமல் எப்படித் திரும்பிப் படுப்பது என்று தலையணை வைத்துக் காட்டினாள். நான் பூட்டைத் திறந்து பெட்டிகளை எடுத்து மேசையில் அடுக்கினேன். அந்தக் குவியலைப் பார்க்க எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது. தர்ஷன் தம்பி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டான். பிறகு அப்பாவிடம், "ஐயா, இனிக் குளிசை வேண்டாம். பாணி தாறம்" என்றான்.

"பாணியோ?" என்றார் அப்பா.

"ஓம். அதே மருந்துதான், ஆனால் குடிக்கிற பாணி. கொஞ்சத்திலை இருந்து தொடங்குவம்."

அப்பா தலையை ஆட்டினார். சின்னப்பிள்ளைகள் குடிக்கிறதெல்லோ பாணி, அதில் என்ன வெட்கம்? அந்தச் சொல்லொன்று இத்தனை மாதம் எங்களுக்குத் தோன்றவில்லையே, யது!

ஊசி மாதிரி ஒரு குழாயில் அளந்து வாயில் விட வேண்டும். எனக்கு அந்தச் சின்னக் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. ஆர் தருவது விருப்பம் என்று டொக்டர் கேட்டார். அப்பா வாசலைப் பார்த்தார். அண்ணா அங்கே பையோடு நின்றான், நெடுங்கேணிப் பஸ்ஸுக்கு. "அவன் தரட்டும்" என்றார்.

"நான் தொடமாட்டன், டொக்டர். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாதோ?" என்றான் அண்ணா. எல்லோருக்கும் முன்னால் அப்படிக் கேட்டான். டொக்டர் தெரியும் என்றார். திறப்பு அம்மாவிடம், போத்தல் கிழமைக்கு ஒரு சின்னது, அம்மா எடுத்துத் தர நீர் அளந்து கொடும், மிச்சத்தை அம்மா பூட்டட்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை பிரித்தார். அண்ணா கையைக் கழுவிவிட்டு வந்தான். அப்பா வாயைத் திறந்துகொண்டு அவனையே பார்த்தார். அடித்ததைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "கை நடுங்காமல் தா" என்று மட்டும் சொன்னார். கொடுத்தான்.

கொஞ்சம் பொறுத்து எத்தனை என்று கேட்டார்கள். "மூண்டு எண்டு நினைக்கிறன். கன நாளாய் அந்த இலக்கத்தைக் காணேல்லை" என்றார். நீ இல்லாத நேரம் சொன்ன மூன்று, பிள்ளை. நம்பலாம். பின்னேரம் அண்ணா பையிலிருந்து சேட்டுகளை எடுத்துக் கொடியில் போட்டான்.

இப்போது வயிறு இறுகுகிறது. அதற்கும் மருந்து தந்திருக்கிறார்கள். "நல்லாய்ப் போன வயிறையும் கெடுத்துப்போட்டாங்கள்" என்று ஏசுகிறார், ஆனால் ஏசுகிற சத்தத்தில் தெம்பு இருக்கிறது.

ஒன்று கேட்க மறந்தேன். வந்தவர்களில் உன் தோழி சிவரூபி என்ற பிள்ளை, வாசலில் அண்ணாவைக் கண்டதும், "நீங்கள் யதுவின்ரை அண்ணா எல்லோ?" என்று கேட்டது. சாதாரணக் கேள்விதானே. அவன் ஓம் என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கன நேரம் முகம் கழுவினான். ஏன் என்று கேட்டால் சொல்கிறானில்லை. அப்பா அந்தப் பிள்ளையிடமும் நீ வாங்கிக் கொடுத்த தேத்தண்ணியையும் வடையையும் சொல்லிப் பெருமைப்பட்டார். அது தலையைக் குனிந்துகொண்டு கேட்டது.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா


நெளுக்குளம்
30.06.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாணி அளக்கிற கை சுகமா? போன கிழமை போனில் அப்பா பின்னால் இருந்து "இண்டைக்கு ரெண்டு!" என்று கத்தினது கேட்டது. நெல்லு விலை சொல்கிறமாதிரிச் சொல்கிறார்.

எங்கள் மேசை முடிந்தது. கடைசி நாள் நான்தான் பேச வேண்டும் என்றார்கள். எழுதி வைத்ததை வாசிக்க வரவில்லை. குழுவென்றால் டொக்டர், தாதி, மருந்தாளர் என்று எழுதியிருந்தேன், நோயாளியின் மகனை எழுத மறந்திருந்தேன். சிவரூபி என்னோடு கதைக்கிறாள். பழையமாதிரி இல்லை. அப்பா தேத்தண்ணிக் கதையைச் சொன்னபோது எனக்காக வெட்கப்பட்டாளாம்.

அதுதான் கேட்கிறேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லட்டுமா? அவ ஊர் முழுக்க அந்தத் தேத்தண்ணியைச் சொல்லித் திரிகிறா. ஒவ்வொரு தரமும் கேட்கும்போது எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. நீங்கள் சொல்லச் சொன்னால் சொல்கிறேன்.

இல்லாவிட்டால் வாருங்கள். மா வேண்டாம், வெறுங்கையோடு வாருங்கள். இந்த முறை யன்னலில் அல்ல, கேற்றடியில் நிற்பேன்.

உங்கள் தங்கச்சி
யதுர்ஷிகா


வட்டக்கச்சி
21.07.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன்னைக் கண்டுவிட்டு நல்லபடி வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது. அப்பா சுகம். பாணியை ஞானேஸ்வரி அக்காவுக்கு முன்னாலேயே குடிக்கிறார். என்ன மருந்து என்று அவ கேட்டதற்கு, "என்ரை பெடியன் தாற மருந்து" என்றார். அக்கா பிறகு கேட்கவில்லை.

உன் தோழிகள் எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு சந்திக்கு நடந்தாயே, எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டது. வடை நல்லது.

மற்றதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். உன் பிழை உனக்கும் எனக்கும் தெரியும், அது காணும். அவவுக்கு முதல் தேத்தண்ணியும் தேத்தண்ணியாகவே இருக்கட்டும்.

வீட்டுக்குள் கால் வைக்கும்போதே அம்மாவிடம் சொன்னேன், யது தேத்தண்ணி வாங்கித் தந்தவள் என்று.

"திரும்பவுமோ?" என்று கேட்டா.

ஓம் என்றேன்.

உன் அண்ணா
சுஜிதன்